கரண்ட் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட மதியம்

சென்ற வருடம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் நடந்தது இது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு மயிலாப்பூரில். எனக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பொருளும் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிம்மதியாக உட்கார மாட்டேன். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டால் வண்டி இப்போது எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிடுவேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நான், இத்தனை வருடமாக மெயில் பார்த்தும், ஒரு மெயில் உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று எங்கள் தெருவில் பராமரிப்புக்காக மின்தடை. காலையில் நிறுத்தி மதியம் இரண்டு மணிக்குக் கொடுப்பார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் முதல் நாள்தான் நண்பர்களோடு தெற்கே கோயில்களுக்குக் கிளம்பியிருந்தார். மகன் வெளியூர்க் கல்லூரியில் விடுதியில் இருக்கிறான். தனி ஆளுக்கு என்ன சமையல் என்று, மின்விசிறி நின்றதுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

என் மெயில் பெட்டி நிரம்பி வழிந்து ஒரு வாரமாகத் தொல்லை. மகனின் விடுதியிலிருந்து அனுப்பிய அறிவிப்புகூட எனக்கு வந்து சேராமல் திரும்பிப் போய்விட்டது. "அம்மா, மொதல்ல அதக் காலி பண்ணு" என்று அவன் சிடுசிடுத்தான். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓய்வு கிடைத்தது. கடைக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்தேன். அடைத்துக்கொண்டிருந்தது என் அக்கா.

அக்கா மஸ்கட்டில் இருந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. போனில் பேச முடியாது. செல்போனில் தட்டுவதும் அவளுக்குப் பிடிக்காது, எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை என்பாள். அதனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தமிழிலேயே மெயில் எழுதுவாள். பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும் வம்பெல்லாம் மெயிலாக வந்து சேர்ந்தது. ரசத்தில் பெருங்காயம் போட்டாயா, நாத்தனார் என்ன சொன்னாள், ஏன் மெலிந்துவிட்டாய் என்று விசாரணை. கூடவே பால்கனித் தொட்டியில் பூத்த ஒவ்வொரு பூவுக்கும் நாலு போட்டோ. முந்தின வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் எழுதியதையெல்லாம் 'அக்கா' என்று ஒரு போல்டரில் போட்டு வைத்தேன். அதன்பின் அதை ஒரு முறைகூடத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயிலுக்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. அதிலும் இதே போல்டர் இருந்தது. வீட்டில் ஒன்று, நெட்டில் ஒன்று என்று இரட்டை எதற்கு? பழைய கம்ப்யூட்டர் இருந்தபோது நெட்டில் உள்ளதை அழித்தாலும் வீட்டில் இறங்கியது அப்படியேதான் இருக்கும். அந்தத் தைரியத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைப் பெட்டியிலும் கிடக்க வேண்டாம் என்று அதையும் துடைத்துவிட்டேன். பெட்டியில் பாதிக்கு மேல் இடம் காலியானது. அலமாரியை ஒழித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி எனக்கு.

பக்கத்துத் தெரு மெஸ்ஸில் ஆடிக் கூட்டம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க முடியாது. காலி நாற்காலி கிடைத்தால் உட்கார வேண்டியதுதான். என் எதிரே முப்பது வயதுக்குள் ஒரு பெண், காலடியில் இரண்டு கடைப் பைகளோடு சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். நான் இலை வரும் வரை மகனுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். "பெரியம்மா மெயிலெல்லாம் நெட்லேர்ந்து தூக்கிட்டேன்டா. வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் பத்திரமா இருக்கே. இனிமே யார் வேணா மெயில் போடலாம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

எதிரே இருந்தவளின் கை நின்றுவிட்டது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு மெயில அழிச்சா, போன்லயும் அது காணாமப் போகுதா?"

முன்பின் தெரியாதவள் கேட்கிறாளே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் யோசித்தேன். போன மாதம் வீட்டில் விளம்பர மெயில்களை அழித்தேன். போனிலும் அவை இல்லை. எவ்வளவு வசதி என்றுகூட நினைத்தேன். "ஆமாம்" என்றேன்.

"அப்ப நீங்க பீரோன்னு நெனச்சுட்டு இருக்கீங்க, மேடம். அது கண்ணாடி."

அவள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். பல ஆபீஸ்களின் மெயிலைப் பராமரிப்பதுதான் வேலை. தங்கையின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க லீவு போட்டு வந்திருந்தாள். பழைய கம்ப்யூட்டரில் மெயில் வீட்டுக்கு இறங்கிவிடும், அது உங்களுடையது என்றாள். புதியதில் வேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள். நெட்டில் என்ன இருக்கிறதோ அதையே காட்டும். அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். இலையில் வைத்த சாதத்தைத் தொடவும் மறந்துபோனேன்.

"இப்ப அந்தக் கம்ப்யூட்டர் ஓடுதா?"

"இல்லையே. காலைலேர்ந்து எங்க தெருவுல கரண்ட் இல்ல."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "சூப்பர்! அப்ப அதுக்கு இன்னும் விஷயம் தெரியாது. கடைசியாப் பாத்ததையே வச்சிட்டிருக்கும். நெட் கெடைச்சாத்தான் ஒப்பிட்டுப் பாத்து அழிக்கும். யாரும் ஆன் பண்ணாம இருந்தாப் போதும்."

யாரும் வீட்டில் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை யாரும் ஆன் செய்யவே வேண்டாம். தன் முழங்கால் வலியால் மேஜைக்கடியில் குனிந்து பட்டனை அழுத்த முடியவில்லை என்று, கரண்ட் வந்ததுமே தானாக எழுந்துகொள்ளும்படி என் வீட்டுக்காரர் அமைத்து வாங்கியிருந்தார். எழுந்ததும் முதல் காரியமாக மெயிலைத்தான் திறக்கும். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"பாஸ்வேர்ட மாத்திடுங்க. அது உள்ளயே போக முடியாது" என்றாள். போனில் முயன்றேன். சரிபார்க்கும் எண் என் வீட்டுக்காரரின் போனுக்குப் போனது. அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவரே அவர்தான். கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று வாசலில் கொடுத்துவிட்டு சாமி தரிசன வரிசையில் நிற்கிறார் போலிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லலாம் என்று கீழ்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன்.

"என்னடி இது! கரண்ட் எப்போ வரும்னு வேர்த்துக் கொட்டிண்டு உக்காந்திருக்கேன், நீ வரப்படாதுங்கறே! மீட்டர் பொட்டியத் தொட நேக்கு பயம்டியம்மா, நீயே வந்துடு" என்றாள் மாமி.

எதிரே பார்த்தால் அந்தப் பெண் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தாள். சாதத்தில் பாதிகூட இறங்கவில்லை. "வாங்க, வண்டி வெளிய நிக்குது" என்றாள். டிக்கியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டினாள். கடைக்கு அவசரம் என்று ஒரு செய்தி தட்டிவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். யார், என்ன, ஊர் எது என்று எதையும் கேட்கவில்லை. சிலிண்டர்காரரிடம் அத்தனை கேள்வி கேட்கிற நான்!

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ஊரில் நேராகப் போகிற சாலை எது? ஒரு திருப்பத்தில் வண்டி ஆட்டோவை உரசுகிற மாதிரி போய்விட்டது. "இன்னாமா, ஊட்ல சொல்ட்டு வந்தியா?" என்று ஆட்டோக்காரர் கத்தினார். "சொல்லத்தான் போய்க்கினு கீறோம், நைனா!" என்று இவள் பதில் கொடுத்தாள். என்னிடம் பேசும்போது வராத அந்தப் பேச்சு ஆட்டோக்காரரிடம் மட்டும் எங்கிருந்து வந்ததோ! பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். கரண்ட் வரக் கூடாது. சென்னையில் கோடையும் புழுக்கமும் பார்த்தவர்கள் யாரும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தெரு முனையில் திரும்பும்போது மாவு மில் கரகரவென்று ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. இரண்டு மணி ஆகியிருக்கவே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவை சொன்ன நேரத்துக்கு முன்னால் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இன்றைக்கு.

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. சாவி கைப்பையின் அடியில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கதவைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டர் திரை வெளிச்சமாக இருந்தது. நான் அதை நோக்கி ஓடினேன். "கம்ப்யூட்டர விடுங்க, ஆன்ட்டி! மோடம், மோடத்தப் புடுங்குங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள். மேடமாக ஏறியவள் ஆன்ட்டியாக இறங்கிவிட்டேன். அதைக் கவனிக்க அப்போது ஏது நேரம்! டி.வி.க்குப் பின்னால் மோடத்தின் விளக்கு இன்னும் சிவப்பாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மோடம் எப்போதும் சோம்பேறி. கரண்ட் வந்தாலும் அது கண் விழித்துப் பச்சை விளக்கு எரிய ஒரு காபி போடுகிற நேரமாகும். அதற்காக அதை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! ஒயரைப் பிடித்து இழுத்தேன். விளக்கு அணைந்தது.

திரையில் மெயில் புரோகிராம் திறந்திருந்தது. இணைப்பு இல்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தது. ஓரத்தில் 'அக்கா' போல்டர். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த போல்டரை இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற மாதிரி வேறு இடத்துக்குப் பிரதி எடுத்தாள். எந்த மெயிலையும் அவள் படிக்கவில்லை. முடிந்ததும் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணு பாக்கணும். முழுசா எறங்கியிருக்கா, இல்ல தலைப்பு மட்டும்தானான்னு. எதையாவது தொறந்து பாருங்க. நான் திரும்பிக்கறேன்" என்றாள்.

ஒரு வருடமாகத் திறக்காத போல்டர். கண்ணில் பட்ட ஒன்றை அழுத்தினேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய செய்தியை நான் எழுதியதற்கு அக்காவின் பதில் அது.

"பட்டன அமுக்கக் குனிய முடியலையாம், அதனால தானா ஆன் ஆகுதாம். நல்ல கதையா இருக்கே! பஜ்ஜி கீழ விழுந்தா மட்டும் உன் வீட்டுக்காரர் எப்படிக் குனியறாரு? கேட்டுச் சொல்லு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். குரல் போன பிறகும் அவள் குரல் எனக்குக் கேட்கும் ஒரே இடம் அதுதான். அதை நான் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் துடைத்துவிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிய பெண்ணிடம் அதைப் படித்தும் காட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு திரையில் ஓர் இடத்தைத் தொட்டு, "இதுக்கு நீங்க பதில் போடலையா? போட்டிருந்தா இங்க சின்னதா ஓர் அம்புக்குறி இருக்கும்" என்றாள். இல்லை. மற்ற மெயில்களுக்கு எதிரே இருந்தது, இதற்கு இல்லை. அந்த வாரம்தான் அக்காவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வம்புக்குப் பதில் சொல்லும் நிலையில் நாங்கள் யாரும் இல்லை.

பூ போட்டோக்களில் சில இறங்கவில்லை. எழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தாள். இடம் வேண்டுமென்றால் பெரிய இணைப்புள்ள விளம்பர மெயில்களைத் தேடி அழியுங்கள், அழிக்கும் முன் நெட்டைத் துண்டித்துவிட்டு வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் என்றாள். வீட்டில் முதல் நாள் மிச்சச் சாதமும் தயிரும் நார்த்தங்காயும்தான் இருந்தன. மெஸ்ஸில் விட்டதற்குச் சேர்த்துச் சாப்பிட்டாள். யாரோ ஒருத்திக்காக ஏன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாய் என்று கேட்டேன்.

"நான் சொன்னதக் கேட்டுத்தான ஓடறீங்க, தப்பாயிருந்தா என்ன பண்றது? அதோட, உள்ள எவ்ளோ இருக்குன்னு பாக்காம எனக்கும் சோறு எறங்காது" என்றாள். என் இனம்தான் என்று தெரிந்தது. வண்டி சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகுதான், அவளுடைய மெயில் முகவரியைக்கூட வாங்கவில்லை என்பது உறைத்தது.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் பிரசாதத்தோடு வந்து சேர்ந்தார். உட்காரக்கூட விடாமல் அக்காவின் கேள்வியைக் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். "பஜ்ஜி சூடா இருக்கும்ல? ஆறிடுமேங்கிற அவசரத்துல வலி தெரியாது" என்றார். உடனே உட்கார்ந்து அக்காவுக்கு அதை அப்படியே எழுதினேன். அனுப்பவில்லை. அவள் மெயிலுக்குப் பக்கத்திலேயே வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தேன். இப்போது அந்த போல்டரைத் திறக்க எனக்குப் பயமில்லை. மனம் வறண்ட நாளில் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உட்கார முடியாத எனக்கு, அக்கா இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவள் கேட்ட கேள்வியும் நான் தாமதமாகச் சொன்ன பதிலும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் நன்றாகத் தெரியும், அந்த மட்டில் எனக்கு நிம்மதி.