முதலாளி அறைக்குப் போன இரண்டாவது திரை

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர் மாட்ட அரை மணி நேரம் போதும். அது எதற்கென்று முதலாளிக்குப் புரியவைக்க ஓர் ஆயுள் போதாது. என்னைப் போல இந்தத் தொழிலில் மாரடித்தவர்களுக்கு இது தெரியும். நாகல் நகர் அச்சகம் ஒன்றில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

யார் கேட்டது

அங்கே கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்தவர் ஜெசிந்தா அக்கா. ஒரு பத்திரிகையில் தேதி மாறிப்போனதால், "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, வீட்டுக்குப் போயிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் எழுதித் தந்த தாளை ஸ்கேன் செய்து ஒரு திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு, பக்கத்துத் திரையில் அடித்தால் பிழை வராது என்று அக்காதான் இரண்டாவது மானிட்டர் கேட்டார். மாட்டி முடித்தேன். முதலாளி வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"இன்னொரு கீபோர்டு எங்க அப்பு? இனி ரெண்டு பேரு அடிக்கலாம்ல?"

இடப்பக்கம்

வலப்பக்கம் சுவர். அதனால் புதிய மானிட்டரை இடப்பக்கம் வைத்தேன். கம்ப்யூட்டரிலோ அது வலப்பக்கம் இருப்பதாகவே பதிவாகியிருந்தது. அக்கா மவுஸை இடப்பக்கம் தள்ளத் தள்ள, அம்புக்குறி விளிம்பில் முட்டி நின்றது. தவறு என்னுடையது. திருத்துவதற்குள் முதலாளி பார்த்துவிட்டார்.

"மவுசுக்கே வழி தெரியல, இவளுக்குத் தெரியவா போகுது?"

சுவரில் துளை

ஒரே வாரத்தில் மறுபடி அழைத்தார். அந்த மானிட்டர் அவருடைய அறைக்குப் போக வேண்டுமாம். அக்கா திரையில் தெரிவதெல்லாம் அப்படியே அங்கேயும் தெரிய வேண்டுமாம்.

"அது அக்கா வேலைக்கு வேணும்ணே" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு சுவரில் துளை போட்டேன், நீளமான கேபிள் இழுத்தேன், இரண்டிலும் ஒரே படம் வரும்படி மாற்றினேன். அக்கா நிமிரவே இல்லை.

"ஓட்டைய மட்டும் அடைச்சிட்டுப் போங்க தம்பி. அவரு சுருட்டு நாத்தம் இங்க வருது."

வடமதுரைக் கல்யாணம்

முகூர்த்தம் வடமதுரையில், வரவேற்பு ஆயக்குடியில். பத்திரிகையில் இரண்டு ஊரும் இடம் மாறி அச்சாகிவிட்டன. வேறு வேலையாக நான் போனபோது அக்காவின் நாற்காலி காலி.

"நீங்களும் நாள் முழுக்க அதே படத்தைத்தானண்ணே பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். சுருட்டுச் சாம்பலைத் தட்டினார்.

"அவ வேலை பாக்குறாளான்னுதான் பாத்தேன் அப்பு. என்ன அடிக்கிறான்னு நானா பாக்கணும்?"

இரண்டு திரையிலும் படம் துல்லியமாகத் தெரியும்படிதான் செய்து கொடுத்தேன் என்பதால், அந்தப் பிழையும் இரண்டிலும் துல்லியமாகவே தெரிந்திருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம்.