பல்பு எரிந்தால் போதுமா?

அடாப்டர் அக்கா மதியச் சாப்பாட்டை என்றைக்கும் நின்றுகொண்டேதான் முடிப்பாள். பேருந்து நிலைய வாசலில், ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒன்றரை மீட்டர் அகலத்தில் அவள் கடை. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா இருந்தால் மறுகையில் மீட்டர் இருக்கும். பொம்மைத் தொழிற்சாலையில் நிமிடத்துக்கு நான்கு பொம்மை வீதம் பதினோரு வருடம் ஒயர் பற்றவைத்த உடம்பு. தொழிற்சாலையை மூடி ஏழு வருடமாகியும் அந்த நிமிடக் கணக்கு அவள் காலை விட்டு இறங்கவில்லை.

பழைய அடாப்டர்களை வாங்கிச் சோதித்து விற்பது தொழில். சுவரிலிருந்து வருவது ஏ.சி. மின்சாரம், நொடிக்கு ஐம்பது தடவை போய்ப் போய்த் திரும்பும். ரேடியோ, கடிகாரம் மாதிரிச் சின்னச் சாமான்களின் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒரே திசையில் ஓடுகிற டி.சி. வேண்டும், அதுவும் கொஞ்சமாக வேண்டும். அடாப்டர் நடுவில் நின்று அதைச் செய்து கொடுக்கிறது. அக்கா மீட்டரை டி.சி.யில் திருப்பி வைத்துத் தொட்டுப் பார்ப்பாள். எண் வந்தால் பச்சை நூல் கட்டி நல்ல பெட்டியில் போடுவாள். பூஜ்யம் என்றால் செத்தது. பிஸ்கட் டின்னுக்குப் போகும்.

அன்று பன்னிரண்டரை மணிக்கு அவள் கணவர் வந்தார். பஸ் டிப்போ மெக்கானிக். முந்தின நாள் சாயங்காலம் அவள் பல் டாக்டரிடம் போனபோது கடையைப் பார்த்துக்கொண்டவர். முகத்தில் ஏதோ கோப்பை வாங்கிய களை.

"டின்னுல செத்ததுன்னு போட்டியே, அதுல ஒண்ணுக்கு உயிர் இருக்கு, தெரியுமா? பல்பு வச்சுப் பாத்தேன். பளிச்னு எரிஞ்சுது. பச்சை நூல் கட்டி நல்ல பெட்டில போட்டுட்டேன். பாராட்டெல்லாம் மெதுவா சொல்லு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எது? எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா, கட்டையா, செங்கல் மாதிரி கனம். ஒன்பது வோல்ட்."

"ஐயோ, அது ஏ.சி. அடாப்டருங்க!"

"ஏ.சி.யா? அப்ப குளுகுளுன்னு இருக்குமே" என்று பக்கத்திலிருந்து ஜெராக்ஸ்காரர் தலையை நீட்டினார்.

"நீங்க வேற, சும்மா இருங்கண்ணே!"

வோல்டேஜை மட்டும் குறைத்துவிட்டு, மின்சாரத்தைப் போக்கும் வரத்துமாக அப்படியே வெளியே விடுகிற அடாப்டர்களும் உண்டு. டி.சி.யில் வைத்த மீட்டர் அவற்றைத் தொட்டால் பூஜ்யம் காட்டும். பல்புக்கோ திசை ஒரு பொருட்டே இல்லை. எப்படி ஓடினாலும் சூடாகி எரியும். இவள் உயிரோடு இருந்ததைச் செத்தது என்றாள், அவர் சின்னச் சாமான்களுக்கு ஆகாததை நல்லது என்றார். இரண்டு பேர் சோதனையும் சேர்ந்து, அந்தச் செங்கல் பதினொன்றரை மணிக்கு விலைபோயிருந்தது.

வாங்கியவர் இதே நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவர். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன், குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது டார்ச் லைட் அளவுக் கருவி ஒன்றைக் கழுத்தில் அழுத்தினால்தான் பேச்சு, அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாத இயந்திரக் குரலில். அதன் அடாப்டர் உடைந்துவிட்டது. "மூணு மணிக்கு மேலதிகாரிங்க முன்னாடி பேசிக் காட்டணும். பேசினா கவுண்டர். இல்லன்னா வீடு" என்று சொல்லும்போதே சார்ஜ் தீர்ந்து பாதியில் குரல் விழுந்தது. அவர் அவசரம், இவளையும் தொற்றிக்கொண்டது. பச்சை நூலைப் பார்த்தாள், ஒன்பது வோல்ட்டைப் பார்த்தாள், முனை பொருந்தியது. ஸ்டிக்கரில் 'அவுட்புட்' என்பதற்கு நேராக, ஏ.சி. என்று காட்டும் அலைக்கோடு இருந்ததைப் பார்க்கவில்லை.

நல்லவேளை, மாற்றிக் கொடுக்கும் உத்தரவாதத்துக்காக நம்பர் எழுதி வைத்திருந்தாள். அடித்தாள். எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே, அடாப்டர் கடை! சொருகிட்டீங்களா? ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு!"

டொக். இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"பிடுங்குங்க! இப்பவே! முகவரிய மெசேஜ் போடுங்க, நான் வரேன்!"

ஜெராக்ஸ்காரரிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டது பாதி, பறித்தது பாதி. மீட்டர், பற்றவைக்கும் கருவி, உதிரி பாகங்கள் இருந்த மாத்திரை டப்பா, நல்ல பெட்டியிலிருந்து இன்னொரு அடாப்டர் எல்லாம் பைக்குள் விழுந்தன. கணவர் வண்டியை ஓட்டினார். பின்னாலிருந்து அவள் அவர் முதுகையே ஓட்டினாள்.

"சீக்கிரம் போங்களேன்!"

"சிவப்பு விழுந்திருக்கு, பறக்கவா சொல்ற?"

"பல்பு வச்சுப் பாத்தாராம், பல்பு!"

"நீ மட்டும் என்ன, உயிரோட இருக்கறதப் போய் டின்னுல போட்ட!"

மூன்றாம் மாடி. கவுண்டர்காரர் கதவைத் திறந்தபோது சட்டையில் பாதிப் பித்தான்தான் போட்டிருந்தார். கருவியை நீட்டினார். அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். கருகல் வாசனை. மின்சாரம் நுழைகிற இடத்தில் இருந்த கெப்பாசிட்டர் என்கிற குட்டி உருளை, அரிசிப் பொரி மாதிரித் தலை உப்பி வெடித்திருந்தது. அடியை அதுவே வாங்கிக்கொண்டதோ, உள்ளே இருப்பதும் போய்விட்டதோ, மாற்றிப் பார்க்காமல் தெரியாது. அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: புதுசு வர மூணு வாரம்.

மாத்திரை டப்பாவைக் கொட்டிக் கிளறினாள். அதே அளவில் ஒன்று கிடைத்தது. பற்றவைத்தாள். வேறு அடாப்டரை எடுத்து மீட்டரில் ஒருமுறை, ஸ்டிக்கரில் ஒருமுறை, மறுபடி மீட்டரில் ஒருமுறை பார்த்தாள். நேர்க்கோடு, அடியில் புள்ளிக்கோடு. டி.சி.தான். சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"மணி. ரெண்டு. இருபது."

மூன்று மணிக்கு நிலைய அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள். கிளம்புவதற்கு முன் ஏற்றிய இருபது நிமிட சார்ஜ் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா வெளி பெஞ்சில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தாள். உள்ளே கேள்விகள்: கடைசி வண்டி எப்போது, எந்த நடைமேடை, பை தொலைந்தால் எங்கே போவது. குரல் தயங்காமல் பதில் சொன்னது. நான்காவது பதிலில் தேய்ந்தது. ஐந்தாவதில் நின்றது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், தப்பு என்னோடது. தப்பான அடாப்டர் வித்துட்டேன். ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் குடுங்க, சொருகிக்கிட்டே பேசுவாரு."

நடுவில் இருந்த அதிகாரி சுவரைக் காட்டினார். கையோடு கொண்டுவந்த அடாப்டரைச் சொருகினாள். பிளக் பாயிண்ட் தொளதொளவென்று இருந்தது. கையை எடுத்தால் விளக்கு அணைந்தது. அவள் குனிந்து, அடாப்டரைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒயர் எட்டும் தூரத்துக்குக் கவுண்டர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கேள்விகள் தொடர்ந்தன. அவள் தோள் வலித்தது, பிறகு மரத்தது.

"ஒரு பயணி கோவமா திட்டினா என்ன செய்வீங்க?" என்றார் அதிகாரி.

"நான். திருப்பித். திட்டினாலும். என். குரல். உயராது. சார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"திங்கள்கிழமை காலைல கவுண்டர்ல உக்காருங்க" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "முடிஞ்சுதும்மா. கைய எடுங்க."

"இருக்கட்டும் சார்" என்றாள் அவள். "அவர் உங்களுக்கு நன்றி சொல்லி முடிக்கட்டும், அப்புறம் எடுக்கறேன்."