சிவப்பா பச்சையா என்று என் மகன் கேட்ட காலை

அக்காள்மடம் என்ற கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஜெரோம் விமானப்படை மருத்துவப் பரிசோதனையில் நிரந்தரமாகத் தகுதியற்றவன் என்று திருப்பி அனுப்பப்பட்டான். எங்கள் வீடு சாவு விழுந்த வீடாயிற்று. அந்த நாட்களில் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமலிருக்க என்னால் முடியாது.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறிய அவன் மருத்துவப் பரிசோதனைக்குப் போனது ஆகஸ்டில், அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம். விமானியாவதற்கான விதிகளை நான் முன்பே தேடிப் படித்திருந்தேன். உயரம் மட்டும் போதாது. கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் விமானி இருக்கைக்குப் பொருந்த வேண்டும். சுவரோடு நிறுத்தி நானே அளந்தேன். தூரத்து எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமல் படித்தான். நிறத்தைப் பற்றி மட்டும் நாங்கள் நினைக்கவே இல்லை.

அங்கே வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார்கள். அவனால் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பிறவிக் குறை. தாய்வழியாக வருவது. சிகிச்சை இல்லை.

இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது? எங்கள் மீன்பிடித் தொழில்தான் மறைத்தது. படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. சிறு வயதிலிருந்தே தாய்மாமன் சேவியரின் விசைப்படகில் போய்வந்தவன், இரண்டு விளக்கில் எது எந்தப் பக்கம் என்பதை வைத்தே நிறத்தைச் சொல்லிவிடுவான். நாங்களும் கண்ணால் பார்த்துச் சொல்கிறான் என்று நம்பினோம்.

மேல்முறையீடு செய்தோம். நவநாள் செபம் சொன்னோம். இரண்டாவது மருத்துவக் குழுவும் அதையே சொன்னது.

"என் வயித்துல இருந்துதான் அந்தக் குறை வந்துச்சாம். அவன் மொகத்த நான் எப்படிப் பாக்க?" என்று என் மனைவி சகாயமேரி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

ஜெரோம் பேச்சை நிறுத்தினான். சோற்றைத் தொடவில்லை. ஒருநாள் சேவியர் வந்து, "ஏலே, இங்கனயே கெடந்தா பாசி புடிச்சுப் போவ. வா கடலுக்கு" என்றார். உடனே எழுந்தான். வாசலில், "போறேன்" என்று மட்டும் சொன்னான்.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போய்யா!" என்று அவன் அம்மா கத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அது நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். கோயிலுக்கு ஓடி முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, விமானமும் வேண்டாம், வேலையும் வேண்டாம். மகனைக் கரைக்கு அனுப்பும்."

மறுநாள் காலை படகு வந்தது. சேவியர் மீனைக்கூட இறக்காமல் என்னிடம் வந்தார்.

"மச்சான், நாங்க உசுரோட நிக்கிறதே இவனாலதான். விடியக் கருக்கல்ல நாங்க பின்னால மீன் பிரிச்சுக்கிட்டு இருக்கோம், இவன் வீல்ல. எதிர்ல பெரிய போட்டு ஒண்ணு வருது. 'மாமா, ஒத்த வெளக்குதான் தெரியுது. சிவப்பா பச்சையான்னு எனக்குத் தெரியல, ஓடி வாங்க'ன்னு கத்துனான். பாத்தா சிவப்பு. நமக்கு இடது கைப் பக்கத்துக்குக் குறுக்க போறான். வலதுல ஒடிச்சேன். மயிரிழையில தப்புனோம். இம்புட்டு நாளும் தெரிஞ்ச மாதிரியே ஓட்டிருக்கான், களவாணிப்பய!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோம் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்துப்போனான்.

"திரும்பி வரக்கூடாதுன்னுதான் போனேன்ப்பா. வெளக்கப் பாத்ததும் மாமாவ நெனச்சு கத்திட்டேன்."

மணலில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். "நேத்து உனக்காகக் கோயில்ல அழுதேன்யா" என்றேன்.

"கண்ணுக்காகத்தானே?"

"கண்ணு கெடக்கட்டும். நீ வந்தாப் போதும்னு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "இத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேப்பா" என்றான்.

அவன் விமானி ஆகவில்லை. ஆகவும் மாட்டான். இப்போது மண்டபம் ஊரில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். மனநல மருத்துவரையும் பார்த்து வருகிறான். சில நாள் முகம் இருண்டுவிடும். அன்று நானும் அவன் அம்மாவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காதில் விழும்படி செபமாலை சொல்கிறோம்.

கேட்டது கிடைக்காமல் அழுகிறவர்களே, ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பேசாமல் கிடக்கும் பிள்ளைக்காகக் கோயிலில் அழுதால், வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையிடமும் அதைச் சொல்லுங்கள்.