ஆறு பேர் பார்க்கிறார்கள்

ஷஹாபுதீன் பாய்க்கு எதைப் படித்தாலும் உடனே செய்து பார்க்க வேண்டும். அவருடைய சாப்பாட்டுக் கடை தேயிலை எஸ்டேட் சாலை இறங்கி வரும் முனையில் இருக்கிறது. மேல்மாடியில் குடியிருக்கும் டீச்சர் நான். தப்பிக்க வழியில்லை.

ஒருமுறை பினாங்கு போக ஹோட்டல் வெப்சைட்டில் ரூம் தேடினார். சிவப்பு எழுத்தில், 'ஒரு அறைதான் மிச்சம், இப்போது பதினைந்து பேர் பார்க்கிறார்கள்' என்று வந்தது. வேர்த்து விறுவிறுத்துப் பணத்தைக் கட்டினார். போய்ப் பார்த்தால் ஹோட்டலே காலி.

ஒருநாள் முழுக்கத் திட்டினார். மறுநாள், "என்ன மூளைலா! எழுத்தாலயே என் கையப் புடிச்சு இழுத்துட்டான் டீச்சர்" என்று வியந்தார்.

அதோடு கடை மாறிப்போனது. ரொட்டிச் சானாய் சுடும் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: 'இதை வாங்கியவர்கள் தே தாரிக்கும் வாங்கினார்கள்'. தே தாரிக் என்றால் நுரை பொங்க ஆற்றிய டீ. கறியும் முட்டையும் வைத்து மடித்த ரொட்டிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் இன்னொன்று: 'கடைசி இரண்டு முர்தபா. ஆறு பேர் பார்க்கிறார்கள்'.

எஸ்டேட் லோரி ஓட்டும் நல்லுசாமி சுற்றிப் பார்த்தார். "அஞ்சு பேர்தானே இருக்கோம் பாய்?"

"நம்ம கடைப் பூனைய விட்டுட்டீங்க."

நல்லுசாமி சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிப் போனார். வியாபாரம் சூடு பிடித்தது. பாயைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மகள் நூருல் ஐனுக்கும் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஃபாஹ்மிக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. ஃபாஹ்மியின் அம்மா சுஹைலாதான் கல்யாணம் பேச ஒவ்வொரு முறை வரும்போதும் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போய்க்கொண்டிருந்தார். இந்த முறையும் அதே பதில் வந்தால் பேச்சை முறித்துவிடலாம் என்று பாயின் மனைவி லத்தீஃபா சொல்லியிருந்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். "நீங்க வாயத் தொறக்கவே கூடாது" என்று கணவரிடம் கறாராகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அன்று மகனோடு வந்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார் சுஹைலா. "யோசிச்சு..." என்று ஆரம்பித்தார்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. இப்பவே மூணு பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க!"

"அத்தா! நான் என்ன முர்தபாவா?" என்று உள்ளேயிருந்து நூருல் கத்தினாள். எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது. ஃபாஹ்மியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சுஹைலா முகம் இறுகக் கேட்டார். "யாருண்ணே அந்த மூணு பேர்?"

அட்டையில் என்ன எழுதினாலும், நேரில் கேட்டால் பாய்க்குப் பொய் வராது.

"நீங்க ஒண்ணு. தம்பி ஒண்ணு." குரல் இறங்கியது. "அப்புறம்... அந்தப் பூனை."

ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை உள்ளே எட்டிப் பார்த்தது. முதலில் சிரித்தது நூருல்தான். பிறகு சுஹைலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பூனை முந்திக்கிறதுக்குள்ள தேதி வைங்கண்ணே."

அன்று பூனைக்கு ஒரு முழு முர்தபா கிடைத்தது.