தவராசா மாஸ்டரின் முக்கால் அங்குலம்

தவராசா மாஸ்டரின் மெசினுக்குப் பட்டி தேடிக் கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயர் கடையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில், "மாஸ்டர் போயிட்டார், சேர்" என்றார். "இருபத்தொரு அங்குலம்தான் இருக்கு, எடுக்கட்டா?" என்று கடைக்கார நானா ஏணியில் நின்று கேட்டார்.

துறைமுகத்துக்கு அருகிலுள்ள பாடசாலையில் என்னோடு கணிதம் படிப்பித்தவர் மாஸ்டர். அவரை அறிந்தவர்களுக்கு அந்த மெசினையும் தெரியும். சுழலும் சாண்ட்பேப்பர் பட்டியால் பலகையைத் தேய்ப்பது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கை நடுங்கத் தொடங்கிய பிறகு அவருக்கு அதுதான் ஏற்றது. "புது மெசின் துள்ளும், ஐசே. இது தன்ர பாரத்திலயே படுத்திருக்கும்" என்பார்.

அதன் பட்டிக்குச் சுற்றளவு இருபத்தொன்றே முக்கால் அங்குலம். கடைகளில் இருபத்தொன்று உண்டு, இருபத்துநாலு உண்டு. மோதிரத்தை நினைத்துப் பாருங்கள்: சிறிதென்றால் விரலில் ஏறாது, பெரிதென்றால் கழன்று விழும். "அந்த முக்காலை விடுங்கோவன், சேர்" என்று நகரத்துக் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். "நான் விடுவன் தம்பி, மெசின் விடாதே!" என்றார் மாஸ்டர்.

பட்டிக்கு இவ்வளவு அவசரம் அவருடைய மனைவி பூமணி ரீச்சருக்காக. பாரிசவாதத்தில் விழுந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்க மாஸ்டருக்கு ஏலாது. இடையில் வழுவழுப்பான பலகை ஒன்று வைத்தால் ரீச்சர் சறுக்கி மாறலாம். மரச்சிலாம்பு ஒன்று குத்திக்கொண்டு நின்றாலும் அவவின் தோல் கிழிந்துவிடும். நான் கையால் தேய்த்துக் கொடுத்தேன். மாஸ்டர் பட்டுச்சேலைத் தலைப்பு ஒன்றை அதன்மேல் இழுத்தார், நூல் மாட்டியது. "பாத்தீரே? சேலைக்கே இப்பிடி." தச்சர் தேய்த்த பலகையிலும் மாட்டியது.

பிறகு பெரிய பட்டியை வெட்டி, செருப்புத் தைப்பவரின் பசையால் ஒட்டினோம். நேராக வெட்டினோம், உருளையில் ஏறியதும் மூட்டு அறுந்தது. சரிவாக வெட்டினோம், கொஞ்ச நேரம் ஓடியது. சூட்டில் பசை இளகி, பட்டி வெடித்துப் பலகையை ஆழமாகக் கீறிவிட்டது. "ரெண்டு வாத்திமாருக்கு ஒரு மூட்டு ஒட்ட ஏலாமல் போச்சே" என்றார் மாஸ்டர். உள்ளேயிருந்து ரீச்சர், "சத்தத்தைக் கேட்டால் கப்பல் கட்டுற மாதிரியெல்லோ இருக்கு!" என்றா. சிரித்தோம். ஆனால் நான் வெளிக்கிடும்போது வாசல் படலையடியில் மாஸ்டர் என் கையை இறுக்கிப் பிடித்தார்: "நான் முந்திட்டன் எண்டால் இவவை ஆர் தூக்கிறது? தேடும், ஐசே."

செத்தவீட்டில் நாலு பேர் படுக்கைவிரிப்போடு தூக்கித்தான் ரீச்சருக்கு அவர் முகத்தைக் காட்டினார்கள். "மெல்ல, மெல்ல" என்று அவ அழுதது துயரத்திலா நோவிலா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கணக்கையும் பகிடியையும் அவரிடம் படித்த நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியது அவருடைய பதற்றம். ரீச்சர் இன்னும் கட்டிலில்தான். நாளைக்கு மூதூர்க் கடைகளுக்குப் போகிறேன்.