கடல் இல்லாத ஊருக்கு ஒரு கேரவன்

என் தங்கை கிளெண்டாவின் புருஷன் மெர்வினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றுக்கு மேல் தேறாது. குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். வண்டியை நன்றாக வைத்துக்கொள்வான்.

கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் வட்டாரத்து ஜல்லி ரோடுகளைச் சமப்படுத்தும் கிரேடரை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் அவன். கிழக்கே பதினாறு மைல் போவான், திரும்பி மேற்கே பதினாறு மைல் வருவான். உலகம் அவ்வளவுதான் என்று அவனுக்கு ஒரு முடிவு. ஓய்வு பெற்ற மறுமாதமே படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் முப்பத்திரண்டு அடி நீளக் கேரவன் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, "இனிமே பனி விழுந்தா நாங்க ஃபாரின்" என்று ஊருக்கே அறிவித்தான்.

எந்த ஃபாரின் என்று முடிவு செய்ய அவனுக்கு ஏழு மாதம் ஆனது. சமையலறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒட்டினான். தினமும் காலை பத்து மணிக்குக் கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் எங்களைப் போன்ற கிழங்கள் கூடுவது வழக்கம். பத்துக் குளிர்காலம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் போய் வந்தவன் என்பதால் அந்த மேசையில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை. மெர்வின் என்னிடம் யோசனை கேட்பான். நான் வாயைத் திறக்கும்முன் அவனே பதிலும் சொல்வான்.

கிளெண்டா கேட்டது ஒன்றே ஒன்று. அறுபத்தாறு வயதாகிறது, அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

"மெக்சிகோல கடலோரமாவே கேரவன் நிறுத்தலாமாமே, மெர்வின்?"

"அங்க தண்ணி குடிச்சா வயித்தால போகும். போனவன் சொன்னான்."

"எவன் சொன்னான்?"

"போனவன் ஒருத்தன்கிட்ட கேட்டவன் சொன்னான்."

"சரி, டெக்சாஸ்? அங்கயும் கடல் இருக்கே."

"உப்புக்காத்துடி! மூணே மாசத்துல வண்டிக்கு அடியில துரு ஏறிடும். யோசிச்சுப் பேசு."

அவள் யோசித்தாள். "அப்போ நம்ம நாட்டுலயே மேற்குக் கரைக்குப் போவோமே. பிரிட்டிஷ் கொலம்பியால பனி விழாது, மழைதானாம்."

மெர்வின் வயிறு குலுங்கச் சிரித்தான். "மழையில நனையவா கேரவன் வாங்கினேன்? அது ஃபாரினா? திரும்பி வந்து காபி மேசையில என்னன்னு சொல்லிக்கிறது?"

கடைசியில் அவன் தேர்ந்தெடுத்த இடம் கடலே இல்லாத அரிசோனா. அதிலும் நான் போகும் அதே கேரவன் பூங்கா, என் இடத்துக்குப் பக்கத்து இடம். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். வியாழக்கிழமை பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, சனிக்கிழமை சீட்டாட்டம். நாலு நாள் வண்டி ஓட்டிப் போய், இங்கே பார்த்து அலுத்த அதே மூஞ்சிகளை வெயிலில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்த ஏழு மாத ஆராய்ச்சி. நானும் அந்த மூஞ்சிகளில் ஒன்று என்பதை மறுக்கவில்லை.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டை விற்க வேண்டிவரும். அதனால் பயணக் காப்பீடு இல்லாமல் நாங்கள் யாரும் எல்லை தாண்டுவதில்லை. அந்தக் காப்பீட்டில் ஒரு விதி. கிளம்பும் நாளுக்கு முந்தைய தொண்ணூறு நாட்களில் உங்கள் மாத்திரையை டாக்டர் மாற்றியிருந்தால், அந்த நோய்க்கு அவர்கள் ஒரு பைசா தர மாட்டார்கள். நாங்கள் கிளம்புவது நவம்பரில். ஆகவே எங்கள் ஊரில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் யாருக்கும் எந்த நோயும் வராது. நெஞ்சு வலிக்காது, தலை சுற்றாது. "ஆகஸ்டு வந்தா டாக்டர் இருக்கிற தெருப்பக்கம்கூடப் போகாத மச்சான்" என்று புதிதாகக் கிளம்பும் மெர்வினுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மேசையே சிரித்தது. பெரிய ஞானம் சொல்லிவிட்டதாக எனக்கும் பெருமை.

செப்டம்பர் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெர்வின் கேரவனுக்கு அடியில் படுத்திருந்தான். ஓட்டும்போது இடது பக்கம் ஏதோ 'டிக்' என்று ஒலிக்கிறதாம். அதற்காக அந்த வாரத்தில் இரண்டு முறை மெக்கானிக்கிடம் போய்வந்திருந்தான்.

பின்னால் தோட்டத்தில் கிளெண்டா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். நாலு கிழங்கு எடுப்பாள், வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள், மூச்சு வாங்குவாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, காலுறையின் பட்டி சதைக்குள் பதிந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமா. ராத்திரி மூணு தலகாணி வச்சாத்தான் தூக்கம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

அவள் கேரவன் பக்கம் பார்த்தாள். "வேண்டாம்ணே. மாத்திரைய மாத்திட்டா எல்லாம் போச்சு. இவ்ளோ நாள் ஆசையா இருந்துட்டு... பாலைவனமோ என்னமோ, எங்கயாவது போனாப் போதும்னு இருக்கு."

நேரே போய், கேரவனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெர்வினின் பூட்ஸை எட்டி உதைத்தேன்.

"உன் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுதுடா!"

"தெரியும். நவம்பர் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லியிருக்கேன்." முகத்தில் கிரீஸோடு வெளியே ஊர்ந்து வந்தான். "நீதானே மச்சான் சொன்ன, அந்தத் தெருப்பக்கமே போகாதன்னு?"

அவன் மேல் எனக்கிருந்த வெறுப்பில் பாதி என் மேலேயே திரும்பியது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளெண்டாவை என் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வழியிலேயே எங்காவது முடிந்திருக்கும் என்றார். இரண்டு மாத்திரை புதிது, பழையது ஒன்றுக்கு அளவு கூட.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மெர்வின் கேட்ட முதல் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மாத்திரைய மாத்திட்டாரா?"

நவம்பர் முதல் வாரம் அவன் தனியாகக் கிளம்பினான். ஏனென்றால், குளிரில் கிடந்தால் வண்டி கெட்டுவிடுமாம். கிளெண்டா வாசலில் நின்று கையசைத்தாள். அந்தக் கேரவன் முக்கு திரும்பும்போது எந்தச் சத்தமும் வரவில்லை. 'டிக்'கைச் சரிசெய்துவிட்டான்.

நான் அந்த வருஷம் அரிசோனாவுக்குப் போகவில்லை. போக வெட்கமாக இருந்தது. பூங்காவில் கிளெண்டா எங்கே என்று கேட்டவர்களிடம், "அவளுக்குப் பிரயாணமே பிடிக்காது" என்று மெர்வின் சொல்லியிருக்கிறான். இது ஒரு வாரத்துக்குள் எங்கள் காபி மேசைக்கு வந்து சேர்ந்தது. நான் அதை அப்படியே கிளெண்டாவிடம் சொன்னேன்.

"அண்ணே, நம்ம நாட்டுக்குள்ள போறதுக்கு அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு கிடையாதுல்ல?"

"கிடையாது. நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரி அட்டையே போதும்."

"அப்போ டாக்டர் சரின்னா, டிக்கெட் போடு."

ஜனவரியில் டாக்டர் சரி என்றார். கிளெண்டாவின் கால் வீக்கம் வற்றியிருந்தது. விமானத்தில் போய், கார் வாடகைக்கு எடுத்து, மேற்குக் கரையின் கடைசி ஊரில் கொண்டுபோய் அவளை நிறுத்தினேன். மழை கொட்டியது. மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகத் தண்ணீருக்குள் இறங்கி, கணுக்கால் ஆழத்தில் நின்றாள். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடித்து விழுந்தன. அவள் அழுதாளா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாராவாரம் போல மெர்வின் அவள் செல்போனுக்குப் போன் செய்தான். மழைக்காக அவள் அதை ஸ்பீக்கரில் போட்டு மழைக்கோட்டின் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க நல்ல வெயிலு. வியாழக்கிழமை பெரோகி சாப்பிட்டோம். அது என்ன சத்தம், இப்படி இரையுது?"

கிளெண்டா என்னைப் பார்த்தாள்.

"வாஷிங் மெஷின் ஓடுது, மெர்வின்."

மெர்வின் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். அவன் குரலில் அப்படியொரு கவலையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"சத்தம் சரியில்லையே கிளெண்டா! அப்படியே விடாத. இன்னைக்கே யாரையாவது கூப்பிட்டுக் காட்டு."