அத்துப்போச்சு

ஏழாம் வகுப்பில் 'அறு' என்ற வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். கல்வராயன் மலையில் நான் தமிழ் நடத்தும் பள்ளி அது.

"செருப்பு வாரு அத்துப்போச்சு டீச்சர்."

"மாடு கயித்த அத்துக்கினு ஓடிப்போச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க அத்தைய அத்துவுட்டுட்டாங்க டீச்சர்," என்றாள். புருஷன் வீட்டார் ஊர்க்கூட்டம் போட்டு உறவை முறித்ததைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பலகையைத் துடைத்தேன். அதன் பிறகு மணி அடிக்கும் வரை என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

என்னையும் அந்தச் சொல்லால்தான் வெளியே அனுப்பினார்கள். நைனார்பாளையத்தில் எங்களுக்கு நிலம் உண்டு. அதில் கூலிக்கு வந்த குடும்பத்துப் பையனை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் நின்றபோது அப்பா சத்தம் போடவில்லை. "உனக்கும் எங்களுக்கும் அத்துப்போச்சு. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் கழனிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மா மட்டும் எப்போதாவது போனில் பேசுவாள்.

அந்த மழைக்காலத்தில் மலைச்சாலையின் தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பஸ் நின்றது. கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. பள்ளிக்கு விடுமுறை. என் கணவர் உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். என்ன ஆனேனோ என்று தவித்துக்கொண்டிருப்பார். பள்ளிக்காக மலையில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. பள்ளி வரை போவேன், உடைந்த பாலத்தைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். குடையை மடக்குவதற்குள் மறுபடியும் கிளம்பிவிடுவேன்.

மழை சற்று விட்டதும், சிக்னல் கிடைக்கும் என்று சொன்னார்களே என்று மேட்டுப் பாறைக்கு ஏறினேன். ஏறி நின்றதுமே போன் அடித்தது. கணவர் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால் பெயர் இல்லாத எண். நான் எப்போதோ அழித்துவிட்ட எண்தான், ஆனால் மறக்கவில்லை.

"ரோடு அத்துப்போச்சாமே?" என்றார் அப்பா.

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். உடைந்துபோச்சு என்றோ கட்டாகிவிட்டது என்றோ கேட்டிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"ஆமாப்பா, அத்துக்கிச்சு," என்றேன்.

"டிவில துண்டிப்பு துண்டிப்புன்னு சொல்லிக்கினே கீறாங்க. சாப்பாட்டுக்கு இன்னா பண்ற?"

"பக்கத்து வூட்ல சாமைச் சோறு குடுக்கறாங்க."

"ஒடம்பு..." என்று ஆரம்பித்தார். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. தூறலில் அந்தப் பாறையையே சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மண் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டதும் ஜீப்பில் மலையிலிருந்து இறங்கினேன். வழியில் சிக்னல் வந்ததும் போனில் சொல்லியிருந்ததால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கணவர் காத்திருந்தார். "வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

"நைனார்பாளையம் போய்ட்டு வரேன்."

"வரச் சொன்னாரா?"

"இல்ல."

அவர் பையை வாங்கிக்கொண்டு, பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கப் போனார்.

நைனார்பாளையத்துக்கு நான் மட்டும் போனேன். வீட்டில் அம்மா என் கையைப் பிடித்து அழுதாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். நுனியில் உட்கார்ந்து காபி குடித்தேன். எழுந்து போய்விடலாமா என்று கால் பரபரத்துக்கொண்டே இருந்தது. டம்ளரை வைத்தபோது, "அந்தப் பையன் எங்க வேலை செய்யுது?" என்று கேட்டார்.

"உளுந்தூர்பேட்டைல. லாரிப் பட்டறைல."

"ம்," என்றார். காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அங்கயும் இன்னும் மழை பேயுதா?" என்றார்.